கணினியிற் புதுமுறைமை: ஏற்குமுன் ஆராயற்பாலன

வீட்டிலோ பாடசாலையிலோ சங்க அலுவலகத்திலோ கணினி ஒன்று பல்லாண்டு குறைவின்றி உழைத்து வருங்கால், ஒருநாள் அதன் திரையிலே ஓர் அறிவித்தல் தோன்றும். புதிய பதிப்பு ஆயத்தமாயிருக்கின்றது, இப்பொழுதே நிறுவலாமா என்பதே அது. அதனைக் கண்டவுடன் ஒருசாரார் யாதும் எண்ணாது இசைவு தெரிவிப்பர். மற்றொரு சாரார் பிறகு பார்த்துக்கொள்வோம் என நாடோறும் தள்ளி வைப்பர். உண்மையில் இவ்விரு சாராரும் ஒரு முடிவும் செய்தவராகார். முன்னவர்க்காகக் கணினி முடிவு செய்தது. பின்னவர்க்காகக் காலம் முடிவு செய்யும். இவ்விரண்டிற்கும் நடுவே, ஆராய்ந்து நாள் குறித்துச் செய்யும் நெறி ஒன்று உண்டு. அந்நெறி யாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடுல்கெல்லவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தொழில் புரியும் பழைய மாணவர் பலர் அண்மைக் காலத்தில் இவ்வினாவையே எம்மிடம் பலகாலும் எழுப்பி வந்தனர். அவருட் சிலர் ஆசிரியர். சிலர் தோட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞர். சிலர் ஊர்ச் சங்கங்களின் பொருளாளர். அவர் பொறுப்பிலுள்ள கணினிகள் அவர்க்கு மட்டும் உரியன அல்ல. பிறர் பெயரும் பிறர் பணமும் பிறர் பிள்ளைகளின் எதிர்காலமும் அவற்றுள் அடங்கியுள்ளன. ஆதலின் இவ்வினா தொழினுட்பம் அறிந்தார்க்கு மாத்திரம் உரிய வினாவன்று.

பணிசெயல் முறைமை யாது

கணினியின் உறுப்புக்களாகிய வன்பொருளுக்கும், கடிதம் எழுதல் கணக்கு வைத்தல் முதலியவற்றிற்கென நாம் கையாளும் மென்பொருளுக்கும் இடையே நின்று, இரண்டனையும் ஒழுங்குற இயக்குவிக்கும் அடிப்படை மென்பொருளை இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று கூறும். தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். விண்டோஸ், லினக்ஸ் என்பனவும், கைத்தொலைபேசியிலுள்ள அன்ட்ரொயிட் என்பதும் இவ்வினத்தன. எம்மனோர்க்குப் பழக்கமான தேயிலைத் தொழிற்சாலையை உவமையாகக் கொள்வோம். அங்குள்ள இயந்திரங்கள் வன்பொருள். கொழுந்தை வாட்டல், உருட்டல், உலர்த்தல் ஆகிய வேலைகள் மென்பொருள். எவ்வியந்திரம் எப்பொழுது எவ்வேலைக்கு ஓடவேண்டும் என ஒழுங்கு செய்யும் நிருவாகமே பணிசெயல் முறைமை. நிருவாகம் மாறினாற் கட்டடம் மாறாது. ஆயினும் ஒவ்வொரு வேலையிலும் அம்மாற்றம் புலப்படும்.

இம்முறைமையிற் செய்யப்படும் மாற்றங்கள் இருவகைப்படும். இருவகையையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே மயக்கம் பெரும்பாலும் உண்டாகின்றது. முதலாவது, கண்டுபிடிக்கப்பட்ட குறைகளை அடைப்பதற்கென மாதந்தோறும் வரும் சிறு திருத்தம். இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருமாற்றம். அது பதிப்பையே மாற்றுவது. தேயிலை மலையிலே களை பிடுங்குதலும் மீள்நடுகை செய்தலும் ஒன்றாகா. களையை உரிய நாளிற் பிடுங்கிவிடல் வேண்டும். அதற்கு ஆலோசனைச் சபை வேண்டுவதில்லை. மீள்நடுகையோ மண்ணையும் பணத்தையும் பருவத்தையும் நோக்கி முடிவு செய்யற்பாலது.

சிறு திருத்தத்தைத் தாமதிப்பதால் விளையும் கேட்டிற்கு 2017 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி சான்றாகும். விண்டோஸிலிருந்த குறையொன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சு 14 ஆந் திகதி வெளியிட்டது. மே 12 ஆந் திகதி, அதே குறையின் வழியாக வனாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புக்களைப் பூட்டிவிட்டு, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்டது. நூற்றைம்பது நாடுகளிற் கணினிகள் பாதிப்புற்றன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையிலே ஆயிரக்கணக்கான நோயாளரின் மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டன. அங்கு பாதிப்புற்ற கணினிகளுட் பெரும்பாலானவை, திருத்தம் கிடைத்தும் இடப்படாதிருந்த விண்டோஸ் 7 கணினிகளே. மருந்து வந்து சேர்ந்து ஏறத்தாழ இரண்டு மாதம் அலுமாரியிற் கிடந்தது என்க. ஆகவே சிறு திருத்தங்களைப் பொறுத்தவரை எமது கருத்து ஒன்றே: அவற்றைக் காலந் தாழ்த்தாது ஏற்றல் வேண்டும். இனிப் பேசப்போவது பெருமாற்றத்தைப் பற்றியதே.

இன்று எதிர்ப்படும் மாற்றம்

விண்டோஸ் 10 என்னும் முறைமை 2015 யூலை 29 ஆந் திகதி வெளிவந்தது. பத்தாண்டுகளுக்கு மேலாக நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காய் நிலவிய அதற்குரிய இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு முடிவுற்றது. அதன் பின்னரும் அக்கணினிகள் ஓடும். எழுத்தும் கணக்கும் முன்போலவே நடக்கும். ஆனால் புதிதாய்க் காணப்படும் குறைகளை அடைக்கும் மாதாந்தத் திருத்தம் தானாக வாராது. அடுத்த முறைமையாகிய விண்டோஸ் 11, 2021 ஒக்டோபர் 5 ஆந் திகதி வெளியிடப்பட்டது. பழைய முறைமையில் நிற்பதா, புதியதை ஏற்பதா, அன்றி வேறு வழி தேடுவதா என்பதே இற்றைநாளில் எம் நண்பர் முன் நிற்கும் வினா.

திருக்குறளின் பொருட்பாலிலே 47 ஆம் அதிகாரம் முதல் 50 ஆம் அதிகாரம் வரை உள்ளவை தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. அரசன் பகைமேற் செல்லுமுன் ஆராய வேண்டியவற்றைக் கூறும் இவ்வதிகாரங்களின் வைப்புமுறை, நம் சிறிய வினாவிற்கும் பொருந்திய ஒழுங்கைத் தருகின்றது. அவ்வொழுங்கிலேயே ஆராய்வோம்.

தெரிதல்

முதற்கண் ஆவதும் அழிவதும் எவை எனத் தெளிதல் வேண்டும். புதிய முறைமையால் ஆவது பாதுகாப்பு. திரையின் அழகும் புதிய வசதிகளும் அதற்கு அடுத்தனவே. அழிவது பழக்கம், சிலவேளை பழைய அச்சுப்பொறி, சிலவேளை பழைய மென்பொருள் ஒன்று. இவை எண்ணத்தக்க இழப்புக்களே. எனினும் மாற்றாதிருப்பதால் வரும் இழப்பையும் தராசின் மற்றைத் தட்டில் இடல் வேண்டும். அவ்விழப்பு நாடோறும் தெரிவதன்று; ஒருநாள் முழுமையாக வந்து நிற்பது.

அதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணிமைச் சேவை 2023 ஓகஸ்ட் மாதத்திற் பணயத் தீநிரலொன்றினால் தாக்குண்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். அங்கே மின்னஞ்சலுக்கெனப் பயன்படுத்தப்பட்டது எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருள். அது பணிசெயல் முறைமை அன்றாயினும், அதற்குரிய ஆதரவும் 2023 ஏப்பிரில் 11 ஆந் திகதியோடு முடிவுற்றிருந்தது. 2021 முதலே அதனைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தபோதிலும், நிதிக் குறைவினாலும் முன்னைய சில தீர்மானங்களினாலும் அது பின்போடப்பட்டதெனத் தகவல் மற்றும் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் தெரிவித்தது. முறைமையை மீட்டெடுத்தனர், ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுக்கு வேறிடத்திற் பிரதி இல்லாமையால் அக்காலத்து மின்னஞ்சல்கள் மீளவில்லை. இந்நிகழ்ச்சியில் இரண்டு குறைகள் ஒருங்கே சேர்ந்தன. மாற்றம் பின்போடப்பட்டமை ஒன்று. பிரதி இல்லாமை மற்றொன்று. முன்னது தீமைக்கு வாயில் திறந்தது. பின்னது அத்தீமையை மீளா இழப்பாக்கியது.

மலையகத் தமிழராகிய எமக்கு ஆவணத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறப்பையும் பரம்பரையையும் நிறுவுமாறு கேட்டபோது, லயத்திலே பிறந்து மலையிலே உழைத்த பெருந்தொகையினர் காட்டுதற்குக் கடதாசி இன்றி நாடற்றவராயினர். அந்நிலை முற்றாக நீங்குதற்கு வழிவகுத்த 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடையிலே இரண்டு தலைமுறை கழிந்தன. அக்காலத்திற் பதிவேடு கறையானுக்கு இரையாயிற்று. இக்காலத்திலோ அது கணினியுள் இருக்கின்றது. பாடசாலைச் சேர்வுப் பதிவும், மரண உதவிச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும், ஊழியர் சேமலாப நிதிக்கெனக் காட்டவேண்டிய சம்பளக் கணக்கும் இன்று வன்தட்டு ஒன்றிலேயே தங்கியுள்ளன. அத்தட்டைக் காப்பது கருவியைக் காப்பதன்று. ஒருவன் தான் இன்னான் என நிறுவும் ஆற்றலைக் காப்பதாகும்.

முறைமை மாற்றம் இம்மலைநாட்டிற்குப் புதிதுமன்று. 1869 ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், யேம்ஸ் டெயிலர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையிலே 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். துரைமார் பலர் கோப்பியை உடனே கைவிட்டாரல்லர். நோய் தணியுமென நெடுங்காலம் காத்திருந்தனர். காத்திருந்தோருட் பலர் முதலிழந்தனர். கோப்பி சுவை குன்றியமையால் அழியவில்லை. அதனை நோயிலிருந்து காக்க வழியின்மையால் அழிந்தது. ஆதரவு முடிந்த முறைமையின் நிலையும் அத்தகையதே. அது கெட்டுப்போயிற்று என்பது பொருளன்று. காப்பார் இலர் என்பதே பொருள்.

வலியறிதல்

அடுத்து, நம் கணினிக்கு அம்மாற்றத்தைத் தாங்கும் வலி உண்டோ என நோக்குக. விண்டோஸ் 11 கேட்பன வருமாறு: 4 கிகாபைற்று நினைவகம், 64 கிகாபைற்று சேமிப்பிடம், பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதி, ரீ.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு. இன்டெல் எட்டாந் தலைமுறை அல்லது அதற்கு ஒப்பான செயலி. எட்டாந் தலைமுறைச் செயலிகள் 2017 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே சந்தைக்கு வந்தன. ஆகவே அதற்கு முற்பட்ட கணினி பெரும்பாலும் இத்தேர்விற் சித்தியடையாது. தம் கணினி தகுதியுடையதோ என ஐயுறுவார்க்கு, அதனைச் சோதித்துக் கூறும் சிறு மென்பொருளை மைக்ரோசொப்ட் இலவசமாகவே வழங்குகின்றது. மேலே கூறிய 4 கிகாபைற்று ஓடுதற்குப் போதும். இடரின்றி உழைத்தற்கு 8 வேண்டும் என்பது எம் அனுபவம். தகுதியில்லாக் கணினியிலே குறுக்கு வழியால் அம்முறைமையை ஏற்றுவாரும் உளர். பிறர் தரவைக் காக்கும் கணினியில் அவ்வாறு செய்தல் தகாது. அத்தகைய கணினிக்குப் பின்வரும் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உறுதி கொடுக்கப்படவில்லை.

வலியில்லாக் கணினிக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, அவகாசம் பெறுதல். தனியாள் கணினிகளுக்கு விண்டோஸ் 10 இன் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித் தரும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அமைப்புக்களைக் கணக்கு ஒன்றின் மூலம் ஒத்திசைப்பவர்க்கு அது கட்டணமின்றியும், ஏனையோர்க்கு 30 அமெரிக்க டொலருக்கும் எனக் கூறப்பட்டது. கல்வி நிலையங்களுக்குக் கணினி ஒன்றிற்கு முதலாண்டில் 1 டொலர், இரண்டாம் ஆண்டில் 2, மூன்றாம் ஆண்டில் 4 என விலை குறிக்கப்பட்டது. அவ்வாறு 2028 ஒக்டோபர் வரை செல்லலாம். இச்சலுகையை அறியாத பாடசாலைகள் பல. ஆயினும் இது மருந்தன்று, தவணையே. தவணை முடியுமுன் பணம் திரட்டுவோர்க்கே அதனாற் பயன். மறந்திருப்போர்க்கு அது தாமதத்திற்கு மற்றொரு பெயர்.

இரண்டாவது, வேறு முறைமையைத் தழுவுதல். லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டு, மின்ற் முதலியன விலையின்றிக் கிடைப்பன. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளிலும் நன்கு ஓடுவன. 2024 ஏப்பிரிலில் வெளிவந்த உபுண்டு 24.04 இற்கு 2029 வரை திருத்தம் உண்டு. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் லிப்ரே ஒபிஸ் என்னும் மென்பொருள் போதும். கேரள மாநிலத்து அரச பாடசாலைகள் பல்லாண்டாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வியை நடத்தி வருகின்றன. ஆகையால் இது பரிசோதனை நிலையிலுள்ள வழியன்று. ஆனால் விண்டோஸிற்கென்றே ஆக்கப்பட்ட கணக்கு மென்பொருள் வேண்டிய அலுவலகத்திற்கு இது பொருந்தாது. மாணவர் பயிலும் அறைக்கே இவ்வழியை யாம் பெரிதும் பரிந்துரைப்போம்.

இவ்விடத்திலே வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் பழைய கணினிகளைச் சேர்த்துத் தாய்நாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பும் அறப்பணி போற்றுதற்குரியது. எனினும் 2025 ஒக்டோபருக்குப் பின் அந்நாடுகளின் அலுவலகங்கள் கழிக்கும் கணினிகளிற் பல, புதுமுறைமைக்கு வலியில்லாமையினாலேயே கழிக்கப்படுவன. அவற்றை அவ்வாறே அனுப்பினால், தாம் விட்டொழித்த இடரை நம் பிள்ளைகளுக்குப் பரிசாக அனுப்பியவராவோம். அனுப்புமுன் கணினியின் ஆண்டையும் சில்லையும் வினவுக. தகுதியற்றவை எனின், லினக்ஸ் நிறுவி, அதனைப் பயிற்றுவிக்க ஓராசிரியரையும் ஒழுங்கு செய்து அனுப்புக. இருபது பழைய கணினிகளினும் வலியுள்ள ஐந்து கணினிகள் நன்று.

காலமறிதல்

மாற்றம் வேண்டும் எனத் துணிந்த பின்னரும் எந்நாள் என்பது எஞ்சி நிற்கும். முதல்நாளே ஏற்றல் நன்றன்று. 2018 ஒக்டோபர் 2 ஆந் திகதி விண்டோஸ் 10 இற்குப் பெருமாற்றம் ஒன்று வெளிவந்தது. அதனை முதலில் ஏற்றோர் சிலருடைய சொந்தக் கோப்புக்கள் அழிந்தமை தெரியவரவே, சில நாளிலேயே வழங்கல் நிறுத்தப்பட்டது. குறை நீக்கி நவம்பர் 13 ஆந் திகதி மீண்டும் வெளியிட்டனர். பாதிப்புற்றதாக முறையிட்டோர் பத்தாயிரத்தில் ஒருவரே என நிறுவனம் கூறிற்று. கணக்கில் அது சிறு தொகை. ஆனால் அவ்வொருவன் பிரதியின்றி இருந்தானாயின் அவனுக்கு இழப்பு முழுத்தொகை. ஆறு வாரம் பொறுத்திருந்தவர்க்கோ யாதொரு தீங்கும் இல்லை. ஆகவே பெருமாற்றம் ஒன்று வெளிவந்தபின் சில மாதம் பொறுத்தல் அறிவுடைமை. ஆதரவு முடியும் நாளுக்குப் பின்னும் பொறுத்தல் மடமை. இவ்விரண்டு எல்லைக்கும் நடுவிலே நமக்கு உகந்த நாளைத் தேர்தல் வேண்டும்.

பாடசாலைக்குப் பரீட்சை விண்ணப்பங்கள் அனுப்பும் வாரம் உகந்ததன்று. தோட்ட அலுவலகத்திற்குச் சம்பளம் போடும் வாரம் உகந்ததன்று. சங்கத்திற்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன்னைய வாரம் உகந்ததன்று. விடுமுறையின் தொடக்கமே நன்று. ஏற்றபின் இசையவில்லை எனின் பழைய முறைமைக்கு மீளுதற்கு விண்டோஸ் பொதுவாகப் பத்து நாள் இடந் தருகின்றது. அப்பத்து நாளும் கணினியை முழுவதும் பயன்படுத்திச் சோதித்தற்கு வாய்ப்பான நாட்களாதல் வேண்டும். விடுமுறையின் கடைசி நாளில் ஏற்றிவிட்டு, பாடசாலை தொடங்கிய இரண்டாம் வாரத்திற் குறைகாண்பார்க்கு மீளும் வாயில் அடைபட்டிருக்கும்.

இடனறிதல்

கொழும்பிலுள்ளார்க்குச் சொல்லும் அறிவுரை அனைத்தும் மடுல்கெல்லவிற்குப் பொருந்தா. கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலையடிவாரத்திற்கு ஏறிவரும் பாதையின் இயல்பை அறிந்தார்க்கு அதனை விரித்தல் வேண்டா. கணினி திருத்துவோன் அடுத்த தெருவில் இலன். ஒருநாட் பிழைப்பை விட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்லல் வேண்டும். ஆதலின் இவ்விடத்திற்கு உரிய சில எச்சரிக்கைகளைத் தனித்துக் கூறுகின்றோம்.

மின்சாரம் முதலாவது. முறைமை மாறிக்கொண்டிருக்கும் வேளையில் மின் நின்றுபோமாயின் கணினி இரண்டுங் கெட்ட நிலையில் நின்றுவிடக்கூடும். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபநிலையத்திற் குரங்கு ஒன்று புகுந்தமையாற் தீவு முழுவதும் இருளில் மூழ்கியதை யாவரும் அறிவர். மலைநாட்டிலோ மரக்கிளை ஒன்று முறிந்தாலே போதும். மின்கலம் நிறைந்த மடிக்கணினியாயின் அச்சமில்லை. மேசைக்கணினியாயின் தடையிலா மின்வழங்கி ஒன்றை இரவலாகவேனும் பெற்று இணைத்துக் கொள்க. இடிமழை பெய்யும் பிற்பகலை விலக்கிக் காலையிலே தொடங்குக.

இணையம் இரண்டாவது. புதிய முறைமையின் கோப்பு நாலைந்து கிகாபைற்றுக்குக் குறையாதது. கைத்தொலைபேசிச் சிம் அட்டையின் தரவினால் ஒவ்வொரு கணினிக்கும் அதனைத் தனித்தனி இறக்குதல் வீண்செலவு. நகரத்திலுள்ள நண்பர் ஒருவர் வாயிலாக, நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்தே ஒருமுறை இறக்கி, விரற்கருவி ஒன்றிற் பதிந்து கொணர்ந்தால், அதுவே பத்துக் கணினிக்கும் போதும். கடைத்தெருவில் விற்கும் திருட்டுப் பிரதியை மட்டும் ஏற்றல் ஒழிக. காவலுக்கு ஆள் தேடிக் கள்வனை அமர்த்தியது போலாகும்.

எழுத்துரு மூன்றாவது, இது தமிழர்க்கே உரிய இடர். நம் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் பல்லாண்டாகத் தட்டெழுதப்பட்ட ஆவணங்கள் மிகப் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடத்திலே தமிழ் வடிவங்களை அமைத்துக் கொண்டது. ஆகவே எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாவணத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். வன்தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவிய பின், ஆவணம் அழிந்ததென அஞ்சி அதனைக் கழித்துவிட்டாரையும் யாம் அறிவோம். அழிந்தது ஆவணமன்று, எழுத்துருவே. மாற்றுமுன் கணினியிலுள்ள எழுத்துருக்களையும் பிரதியெடுத்து வைத்துக் கொள்க. காலப்போக்கில் முக்கிய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் கொள்ளுதல் இன்னும் நன்று. ஒருங்குறித் தமிழைப் புதிய முறைமைகள் யாவும் தாமாகவே காட்டும்.

பூட்டு நான்காவது. புதிய விண்டோஸை வெற்றுத்தட்டில் நிறுவும்போது, சில கணினிகளில் வன்தட்டு முழுவதும் தானாகவே மறைகுறியாக்கப்படுகின்றது. அதனைத் திறக்கும் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்கொண்டது. நிறுவும்போது பயன்படுத்திய கணக்கிலே அது சேர்ந்திருக்கும். சங்கத்தின் கணினியை ஒருவர் தம் சொந்தக் கணக்கினால் நிறுவிவிட்டுப் பின் ஊர்விட்டுச் செல்வாராயின், திறவுகோலும் அவரோடு சென்றுவிடும். பொதுக் கணினிக்குப் பொதுக் கணக்கே வேண்டும். அத்திறவுகோலைத் தாளில் எழுதி நிருவாகக் குழுவின் ஆவணக்கட்டிலே வைக்க.

முதற்படி

இவை யாவற்றிற்கும் முற்பட்டது பிரதியெடுத்தல். மேலே கூறிய கேடுகளுள் எதனை எடுத்து நோக்கினும், பிரதி வைத்திருந்தவர் வருந்தியது சில நாள். இல்லாதவர் இழந்தது என்றென்றைக்கும். முக்கிய கோப்புக்கள் மூன்று பிரதியாக, இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பது இத்துறையார் வகுத்த விதி. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் வீடுகளைக் கொண்டுபோனதைக் கண்ட எமக்கு, வேற்றூரில் ஒன்று என்பதன் பொருள் நன்கு விளங்கும். ஒரே அலுமாரியிலுள்ள மூன்று பிரதிகள் மண்சரிவிற்கு ஒரு பிரதியே. அன்றியும் பிரதியை எடுத்துவிட்டோம் என அமைதல் போதாது. வேறொரு கணினியில் இட்டுத் திறந்து பார்த்த பின்னரே அது பிரதியாகும்.

மடுல்கெல்லவிற்கு அணித்தான ஓரிடத்து மரண உதவிச் சங்கத்தார் அண்மையில் இம்முறையையே கைக்கொண்டனர். அவரிடம் மூன்று கணினிகள் இருந்தன. உறுப்பினர் கணக்கு அடங்கிய கணினி புதுமுறைமைக்கு வலியுடையது. மற்றை இரண்டும் பழையவை. அவர் முதலிலே கணக்கு முழுவதையும் இரண்டு விரற்கருவிகளிற் பிரதியெடுத்து, ஒன்றைக் கண்டியிலுள்ள உறுப்பினர் ஒருவரிடம் ஒப்புவித்தனர். பின் பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி ஒரு மாதம் பழகினர். அதன் பின்னரே, சந்தா வசூல் இல்லாத வாரமொன்றில், கணக்குக் கணினிக்குப் புதுமுறைமையை ஏற்றினர். பழைய அச்சுப்பொறி மட்டும் இசையாது போயிற்று. அதனைப் பழைய கணினியோடு இணைத்து அங்கிருந்தே அச்சிடுகின்றனர். பெருஞ்செலவும் இல்லை, பெருந்துன்பமும் இல்லை. தேயிலை மீள்நடுகையில், ஒரு மலையைப் பிடுங்கிக் கௌத்தமாலாப் புல் நட்டு மண்ணைத் தேற்றும்போது மற்றை மலைகளிற் கொழுந்து பறித்தல் நடந்துகொண்டேயிருக்கும். தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டிற் பிடுங்குவார் இலர். அவ்வொழுங்கே ஈண்டும் கைகொடுத்தது.

ஆராய்ந்தவற்றைத் தொகுத்து நோக்கின் எம் கருத்து இதுவாகும். சிறு திருத்தத்தை உடன் ஏற்க. பெருமாற்றத்தைப் பொறுத்து ஏற்க. ஆதரவு முடிந்த முறைமையிற் பிறர் தரவை வைத்திருத்தலை ஒழிக்க. இவையெல்லாவற்றிற்கும் முன் பிரதியெடுக்க. தன் தனிக் கணினியில் ஒருவன் துணிவுடன் விளையாடலாம், நட்டம் அவனுக்கே. பிறர் பதிவைக் காப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. அவன் எடுக்கும் முடிவின் பயனை, கணினியையே காணாத கொழுந்து பறிக்கும் மூதாட்டி ஒருத்தி அனுபவிப்பாள்.

கல்லூரியின் இவ்விழாவாண்டிலே மண்டபமும் நூலகமும் புதுப்பிக்கப்படுவது கண்டு மகிழ்கின்றோம். அவற்றோடு, பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் பொறுப்பிலுள்ள கணினிகளின் முன் ஒருநாள் அமர்ந்து, இது எம்முறைமை, இதற்கு ஆதரவு எந்நாள் வரை, இதன் பிரதி எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையை ஒரு தாளில் எழுதி வைப்பாராயின், அத்தாளும் இவ்விழாவின் நற்பயன்களுள் ஒன்றாகும். எழுதமுடியாத விடை எதுவோ, அதுவே முதலிற் செய்யவேண்டிய வேலை.